மேஜைமேல் ஒரு டம்ளர் மோர்

மேஜைமேல் கண்ணாடி டம்ளரில் மோர் இருக்கிறது, விளிம்புக்கு ஒரு விரல் கீழே, ஒற்றைக் கறிவேப்பிலை மிதந்தபடி, டம்ளரைச் சுற்றிச் சாக்கட்டியால் வட்டம் போட்டிருக்கிறார்கள், யாரும் தொடக்கூடாது என்று அர்த்தம், அதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இதே போன்ற ஒரு வட்டத்தை அவளே போட்டிருக்கிறாள், அன்று கை வியர்வையில் சாக்கட்டி நமுத்துப்போய் வட்டம் கோணலாக வந்தது, இன்றைய வட்டத்தில் கோணல் இல்லை, ஷூட்டிங் ஃப்ளோரில் ஏசி ஓடுகிறது, எழுபது வயதுக்காரிக்கு ஆகாதென்று காற்று நேரே படாத மூலையில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறான் மிதுன், அவன்தான் டைரக்டர், அவள் இருபத்தைந்து வயதில் கன்டினியூட்டி பார்த்த படத்தை அவன் திரும்ப எடுக்கிறான். கன்டினியூட்டி என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை, முந்தைய ஷாட்டில் வகிடு எந்தப் பக்கம் இருந்தது, சட்டையில் எத்தனை பட்டன் போட்டிருந்தது, விளக்கில் திரி எவ்வளவு எரிந்திருந்தது, எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பது, ஊரெல்லாம் கதாநாயகியின் கண்ணைப் பார்க்கும்போது அவள் மட்டும் கம்மலைப் பார்ப்பாள், அந்த நோட்டில் அவள் ஒரு வரிகூடப் பொய்யாக எழுதியதில்லை, வாயால் சொன்ன பொய்கள் இரண்டு, இரண்டும் இந்த டம்ளருக்காகச் சொன்னவை.

காட்சி சின்னதுதான், கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிற புருஷன் முன்னால் மனைவி மோரை வைக்கிறாள், வெயிலா இருக்கு, குடிச்சிட்டுப் போங்க, வேணாம் என்கிறான், அவள் உள்ளே போய்விடுகிறாள், அவன் கிளம்பிவிடுகிறான், மனைவி திரும்பி வந்து பார்க்கும்போது மோர் வைத்தது வைத்தபடி அப்படியே இருக்க வேண்டும், எழுதியிருந்தது அதுதான், முதல் ஷாட் முடிந்தது, கேமராவை இடம் மாற்ற அரைமணி நேரமாகும் என்றார்கள், மே மாதத்து மத்தியானம், தகரக் கூரைக்குக் கீழே விளக்குகளின் வெக்கை வேறு, ஆளாளுக்கு வெளிக்காற்றுக்கு ஓடிவிட்டார்கள், அவள் மட்டும் நோட்டும் பென்சிலுமாக டம்ளருக்குக் காவல் நிற்கிறாள், அப்போதுதான் மேலே பலகையில் காலையிலிருந்து விளக்கோடு விளக்காக வெந்துகொண்டிருந்த லைட்மேன் ஒருவன் ஏணியில் இறங்கி வருகிறான், பனியனைப் பிழிந்தால் அரைக் குடம் தேறும், பெயர் தணிகாசலம், அது அவளுக்கு அன்று தெரியாது, நேரே மேஜைக்கு வந்தான், வட்டத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், எடுத்து அண்ணாந்து, உதட்டில் படாமல், ஒரு சொட்டு சிந்தாமல், கறிவேப்பிலையோடு சேர்த்துக் குடித்து முடித்தான், டம்ளரைத் துல்லியமாக அதே வட்டத்துக்குள் வைத்தான், ஏணியில் ஏறிப் போய்விட்டான். அவள் கத்தியிருக்க வேண்டும், அவளுக்குச் சம்பளமே அதற்குத்தான், ஆனால் அவன் தொண்டை ஏறி ஏறி இறங்கியதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள், பிறகு எல்லோரும் திரும்பி வந்தார்கள், டைரக்டர் ரெடியா என்று கேட்டார், ரெடி சார் என்றாள், மறந்துபோனாள் என்று சொல்ல முடியாது, அந்த டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அது காலி என்பதுதான் மண்டையில் ஏறவில்லை, கதாநாயகிக்கு அழுகை ஒரே டேக்கில் பிரமாதமாக வந்துவிட்டது, எல்லோரும் கைதட்டினார்கள், டம்ளரை யார் கவனித்தார்கள்.

பத்து நாள் கழித்து எடுத்ததைப் போட்டுப் பார்க்கிறார்கள், திரையில் டம்ளர் காலி, டைரக்டர் எழுந்து நிற்கிறார், செட்டைப் பிரித்தாகிவிட்டது, கதாநாயகி வேறு படத்துக்கு ஊட்டிக்குப் போய்விட்டாள், திரும்ப எடுக்க வழியே இல்லை, யார் குடிச்சது என்று அவர் கேட்ட கேள்வியில் ப்ரொஜக்டரே நின்றுவிட்ட மாதிரி இருந்தது, லைட்மேன் என்று சொன்னால் அவனை அன்றைக்கே கேட்டுக்கு வெளியே தள்ளிவிடுவார்கள், அவள் எழுந்து, நான்தான் சார் குடிச்சேன், தாகமா இருந்தது என்றாள், அது முதல் பொய், காவலுக்கு வச்சவளே குடிச்சா விளங்குமா என்று அவர் இருபது பேர் முன்னால் கத்தினார், அடுத்த படத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை, அதற்கடுத்த படத்துக்கும் இல்லை, டைரக்டராக வேண்டும் என்று வீட்டோடு சண்டை போட்டு வந்தவள் கடைசிவரை நோட்டோடு நின்றுபோனாள், அது அவளுக்கு வலித்தது, இப்போதும் சில நாள் வலிக்கிறது. ஆனால் அன்று சாயங்காலமே ஸ்டூடியோ கேட்டில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான், பனியனுக்குமேல் சட்டை போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான், இன்னாத்துக்குங்க உங்க பேர்ல போட்டுக்கினீங்க என்று கேட்டான், உங்கள வேலைய விட்டுத் தூக்கிடுவாங்கல்ல என்றாள், அவன் ரொம்ப வருத்தமாக, அந்த மோர்ல உப்பே இல்லீங்க என்றான், அவளுக்கு வந்த சிரிப்பில் கையிலிருந்த நோட்டு கீழே விழுந்தது, மறுவருஷம் வடபழனியில் கல்யாணம், முப்பத்தெட்டு வருஷம் ஒன்றாக இருந்தார்கள்.

படம் ஓடியது, நன்றாகவே ஓடியது, ஒரு வாரப் பத்திரிகையில் மட்டும் வாசகர் ஒருவர் மோரைக் குடித்தது பூனையா என்று கேட்டிருந்தார், அந்தப் பக்கத்தை வெட்டித் தணிகாசலம் பீரோ கதவில் ஒட்டிவைத்தான், பிறகு டிவி வந்தது, ஏதாவது ஞாயிற்றுக்கிழமை அந்தப் படம் போட்டால் அவன் தெருவையே கூப்பிட்டு உட்காரவைப்பான், ஏ நோட்டுக்காரி, அடுப்ப நிறுத்திட்டு வா, என் சீன் வர்து, குழந்தைகளும் பக்கத்துப் போர்ஷன்காரர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு காலி டம்ளரைப் பார்ப்பார்கள், ஊரில் உள்ள நட்சத்திரங்களுக்கெல்லாம் முகத்தில் வெளிச்சம் போட்டவன், எந்த ஃபிரேமிலும் அவன் நிழல்கூட விழுந்ததில்லை, விழக்கூடாது என்பதுதான் அவன் வேலை, அவன் நடித்தது அந்த ஒரு காட்சியில்தான். தெலுங்கில் அதே கதையைத் திரும்ப எடுத்தார்கள், இருவரும் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தார்கள், அதில் டம்ளர் நிறைய மோர் இருந்தது, தப்பைத் திருத்திவிட்டார்கள், இடைவேளையில் அவன் முறுக்கைக்கூடத் தொடவில்லை, என்னைத் தூக்கிட்டாங்க நோட்டுக்காரி என்றான், அப்புறம் அதுவே டிவி தொடராக வந்தது, மோருக்குப் பதில் ஏதோ கம்பெனி டீத்தூளில் போட்ட டீ, அதை அவன் பாதியில் அணைத்துவிட்டான், எதுக்குத்தான் எடுத்ததையே எடுக்கிறாங்களோ என்று அவள் சலித்துக்கொண்டபோது, எடுக்கட்டும், திரும்ப வெளக்கு போடணும்ல, நம்ம பசங்களுக்கு வேலைதானே என்றான், அப்படியே, எவனாவது ஒருத்தன் டம்ளர காலியா வெப்பான் பாரு என்றான். ஆறு வருஷம் ஆகிறது அவன் போய், இப்போதும் படம் போட்டால் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து உட்காருகிறாள், கூப்பிடத்தான் ஆள் இல்லை.

மிதுன் வீடு தேடி வந்தது போன தையில், நல்ல பிள்ளை, செருப்பை வாசலிலேயே கழற்றினான், அவனுடைய படக் கம்பெனி உரிமையை வாங்கிவிட்டதாம், முதலில் பழைய படத்தைத் துலக்கித் தியேட்டரில் விடுவார்களாம், பிறகு புதுசு, ஏன் தம்பி புதுக்கதையே கிடைக்கலையா என்று கேட்டாள், கிடைக்குதும்மா, ஆனா தெரிஞ்ச கதைன்னா ஜனங்க தைரியமா டிக்கெட் எடுக்கிறாங்க, பணம் போடறவங்களும் தைரியமா போடறாங்க என்றான், கொஞ்சம் தயங்கி, எங்கம்மா இந்தப் படத்த நூறு தடவ பாத்திருப்பாங்க, அவங்க பக்கத்துல உக்காந்து நானும் பாத்தேன், இப்ப அவங்க இல்ல, எனக்கு அந்த வீட்டுக்குள்ள ஒரு தடவ நடந்து பாக்கணும்மா என்றான், அவளுக்கு அது சட்டென்று புரிந்தது, வேறு யாருக்குப் புரிய வேண்டும். பிறகு ஒரு பட்டியலை எடுத்தான், பழைய படத்தில் உள்ள தப்புகள், கம்ப்யூட்டரில் திருத்திவிடப் போகிறார்கள், பதினோராவதாக டம்ளர், இதுல ஃபோன்ல பெரிய சண்டையே நடக்குதும்மா, பாதிப் பேர் தப்புங்கறாங்க, பாதிப் பேர் அவன் வேணாம்னு சொல்லிட்டு, அவ உள்ள போனதும் குடிச்சிட்டுத்தான் போயிருக்கான், அவ மேல ஆசை போகலைங்கறதுக்கு டைரக்டர் வெச்ச அடையாளம்ங்கறாங்க, உங்களுக்குத்தான் தெரியும், தப்புன்னா மோர ரொப்பிடுவோம், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்றான், அவள் பீரோ கதவைப் பார்த்தாள், பூனையா என்று கேட்ட காகிதம் மஞ்சளாகித் தொங்கியது, ரொப்பிவிட்டால் அவன் இல்லை, எந்த ஞாயிற்றுக்கிழமையும் வரமாட்டான், உண்மையைச் சொன்னால் இந்தப் பிள்ளை இரக்கப்பட்டு விட்டுவைப்பானோ என்னவோ, கம்பெனி வைக்குமா, அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, தப்பில்ல தம்பி, பெரியவர் வேணும்னேதான் காலியா வெக்கச் சொன்னார், நானே நோட்டுல எழுதினேன் என்றாள், தன்னை இருபது பேர் முன்னால் திட்டியவருக்கு அந்த மேதைப் பட்டத்தைத் தூக்கிக் கொடுத்தாள், போகட்டும், வாங்கிக்கொள்ளட்டும், மிதுனின் முகம் மலர்ந்துவிட்டது, எனக்குத் தெரியும்மா, எங்கம்மாவும் அதான் சொல்வாங்க, நானும் அதே மாதிரி எடுக்கப்போறேன், அன்னைக்கு நீங்க வரணும்.

அதனால்தான் வந்திருக்கிறாள், முதல் ஷாட் இப்போது முடிகிறது, புதுப் புருஷன் வேணாம் என்கிறான், புது மனைவி உள்ளே போகிறாள், கட், மிதுன் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்கிறான், அந்த டம்ளர காலி பண்ணிடுங்கப்பா, ஆர்ட் டிபார்ட்மென்ட்காரர் வாளியோடு வருகிறார், மோரை வாளியில் கொட்டிவிட்டு, குடித்த மாதிரி தெரிய உள்பக்கம் பிரஷ்ஷால் வெள்ளை தடவ வேண்டும், கையில் பிரஷ் தயாராக இருக்கிறது, டம்ளர் சாய்கிறது, இருங்க என்கிறாள், தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம், முட்டி வலியோடு எழுந்து மேஜைக்குப் போய் டம்ளரை வாங்குகிறாள், அம்மா அது பால்பவுடர் கரைச்ச தண்ணி, குடிக்காதீங்க என்கிறார் அவர், அவள் அண்ணாந்து குடிக்கப் பார்க்கிறாள், கழுத்து ஒத்துழைக்கவில்லை, இருந்தாலும் விடவில்லை, உதட்டில் படாமல், மடக்கு மடக்காக, ஒரு சொட்டு புடவையில் சிந்துகிறது, கறிவேப்பிலை நாக்கில் ஒட்டுகிறது, அதையும் விழுங்கிவிட்டு டம்ளரை வட்டத்துக்குள் சரியாக வைக்கிறாள், மிதுன் ஓடி வந்து, என்னம்மா, தாகமா, தண்ணி கொண்டாரச் சொல்லட்டுமா என்கிறான், ஆமா தம்பி, தாகமா இருந்தது, நான்தான் குடிச்சேன் என்கிறாள், நாற்பத்தைந்து வருஷம் கழித்து அது உண்மையாகிவிட்டது. டம்ளர் காலி, உள்ளே வெள்ளையாக வடிந்துகொண்டிருக்கிறது, பிரஷ் தேவைப்படவில்லை, அவள் மேலே பார்க்கிறாள், பலகை இல்லை, ஆள் இல்லை, இப்போதெல்லாம் விளக்குகளைக் கீழிருந்தே பொத்தானை அழுத்தி ஏற்றுகிறார்கள், ஆனாலும் அந்த வெளிச்சத்தைப் பார்த்து, அவனுக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும் சொல்கிறாள், உப்பே இல்ல.