பனியாற்றில் அவள் கூப்பிட்டது

பெட்டியை மூடப்போகிறார்கள் என்று மகள் சாரங்கா காதருகில் வந்து சொன்னபோதுதான், மனைவியின் மூக்குக்கண்ணாடி தன் கோட்டுப் பையிலேயே கிடப்பது இரத்தினசிங்கத்துக்கு நினைவு வந்தது. எடுத்து விரித்தார். இன்னொருவர் முகத்தில் கண்ணாடி மாட்டி அவருக்குப் பழக்கமில்லை. ஒரு பக்கம் காதுக்கு மேலே நின்றது. மற்றப் பக்கம் தலைமுடிக்குள் சிக்கிக்கொண்டது. பெட்டியோடு வந்திருந்த டெனிஸ்காரர் கை நீட்டி அதை நேராக்கிவிட்டார். அருமைநாயகி இப்போது பேப்பர் பார்க்க ஆயத்தமானவள்போல் இருந்தாள்.

"காணும் அப்பா, விடுங்கோ. வாங்கோ."

மூடி இறங்கியது. கறுப்பு வாகனம் சத்தமில்லாமல் புறப்பட்டுப் போனது.

போன வாரம் வெங்காயம் அரிந்துகொண்டு நின்றவள், "தலை ஒருமாதிரிச் சுத்துது" என்று கதிரையில் இருந்தாள். அம்புலன்ஸ் வருவதற்குள் பேச்சு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் அவள் கண் திறக்கவேயில்லை.

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகர மண்டபத்தில் சோறும் பருப்பும் வைத்திருந்தார்கள். சனம் மெல்ல மெல்ல ஊர்க்கதைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் மாறியது. இரத்தினசிங்கம் யன்னலோரம் தனியாக இருந்தார். அருமைநாயகி வேலைசெய்த வயோதிபர் இல்லத்துப் பெண்கள் ஒரு மேசையில் கூட்டமாக இருந்து, கரண்டியால் சோற்றைத் தொட்டும் தொடாமலும் சாப்பிட்டார்கள். அவர்களில் நரைத்த கட்டை மயிர்க்காரி ஒருத்தி எழும்பி அவரிடம் வந்தாள்.

"நான் எமிலியா" என்றாள் டெனிஸில், அவருக்காக நிறுத்தி நிறுத்தி. "நோர்வேயில் உங்கள் மனைவியும் நானும் ஒரே கயிற்றில் நடந்தோம்."

நோர்வே. போன கோடையில் இல்லத்துக்காரர் துணைகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போன பயணம். பனியாற்றின் அடிவாரத்தில் வழிகாட்டிப் பெண்ணொருத்தி ஒவ்வொருவருக்கும் ஹெல்மெட்டும், சப்பாத்துக்கு அடியில் கட்டும் இரும்பு முட்களும் கொடுத்தாள். இடுப்பில் பட்டியைப் பூட்டி, எல்லோரையும் ஒரே கயிற்றில் கோக்கத் தொடங்கினாள். இரத்தினசிங்கத்துக்கு அது சின்னப்பிள்ளைகளை ரோட்டுக் கடக்கவைப்பதுபோல் இருந்தது.

"உந்தப் பனியைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? முப்பது வருசமா பாக்காத பனியே?" என்றார். "நீர் போயிற்று வாரும். நான் பஸ்ஸுக்கை இருக்கிறன்."

அவள் கொஞ்சநேரம் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு போனாள்.

திரும்பி வந்தபோது மூக்கு நுனி சிவந்திருந்தது. அவர் பக்கத்தில் வந்திருந்து, மூச்சுவாங்க, "அங்கை உள்ளுக்கை ஒரு நீலம்..." என்று தொடங்கினாள்.

"முதல்லை சப்பாத்தைக் கழட்டும். கால் நனைஞ்சுபோச்சு, தடிமன் பிடிக்கப்போகுது."

குனிந்து கழற்றினாள். பஸ் வெளிக்கிட்டது. அவர் நித்திரையாகிப் போனார். அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"மெதுவாக நடப்பவர் வழிகாட்டிக்கு அடுத்ததாக நடக்கவேண்டும்" என்று எமிலியா சொல்லிக்கொண்டிருந்தாள். "அதனால் அருமை எனக்கு முன்னால் நடந்தாள். முதலில் நல்ல பயம். முட்கள் பனியில் இறங்கும் சத்தத்துக்கே திடுக்கிட்டாள். பிறகு பார்த்தால், நான்தான் அவளின் அடிச்சுவட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன்."

"ஓகோ" என்றார் இரத்தினசிங்கம்.

"மேலே பனியில் ஒரு பெரிய வெடிப்பு. எட்டிப் பார்க்க விருப்பமானவர்கள் ஒவ்வொருவராக வரலாம், கயிற்றை மற்றவர்கள் பிடித்துக்கொள்ளுங்கள் என்றாள் வழிகாட்டி. ஒருவரும் அசையவில்லை. அருமை போனாள். பனியில் வயிறு பட அப்படியே குப்புறப் படுத்துவிட்டாள்! எவ்வளவோ நேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் எல்லோரும் குளிரில் காத்து நிற்கிறோம். திடீரென்று பின்னால் திரும்பி ஒரு சொல் சொல்லிக் கூப்பிட்டாள். கயிற்றை இழுக்கச் சொல்கிறாளாக்கும் என்று நான் பிடித்து இழுத்துவிட்டேன்."

அவள் சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன். ஒன்றுமில்லை, பழக்கதோஷம் என்றாள். அந்தச் சொல் எனக்கு இன்னும் காதுக்குள் நிற்கிறது. இன்யாருங்கோ."

இரத்தினசிங்கம் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

இஞ்சாருங்கோ. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவள் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடையில் வெண்டிக்காய் மலிந்திருந்தாலும், முதல் பேரப்பிள்ளை பல்லுக் காட்டினாலும், வீட்டின் எந்த மூலையிலிருந்தும் அந்த ஒரு சொல்தான். உலகத்தில் வேறு எவரையும் அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"அதற்கு என்ன அர்த்தம்?" எமிலியா கேட்டாள்.

"இங்கே பாருங்கள் என்று."

"இங்கே பாருங்கள்..." அவள் முகம் மாறியது. "என்னை வந்து பார்க்கச் சொன்னாளா? நான் கயிற்றை அல்லவா இழுத்தேன்."

சாப்பாட்டு மேசைப் பக்கம் யாரோ தட்டுகளை அடுக்கினார்கள். அவர் தன் சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றார் தமிழில். பிறகு டெனிஸில் சொன்னார்: "ஆம், உங்களைத்தான். நீங்கள்தானே பக்கத்தில் நின்றீர்கள்."

எமிலியா அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துவிட்டுத் தன் மேசைக்குத் திரும்பிப் போனாள். போனதும் மற்றப் பெண்களிடம் எதையோ சொன்னாள். அவர்கள் எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

வெளியே வந்தபோது பொழுது மங்கத் தொடங்கியிருந்தது. கார்க் கண்ணாடிகள் முழுக்க உறைந்துபோய்க் கிடந்தன. சாரங்கா அவரை முன் சீற்றில் இருத்திக் கதவைச் சாத்திவிட்டு, பனிச் சுரண்டியை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனாள். உள்ளிருந்து பார்க்க வெளியுலகம் ஒன்றும் தெரியவில்லை. உறைபனியில் வடிந்து வந்த வெளிச்சம் அவர் கைகளின் மேலும் மடியின் மேலும் நீலமாக விழுந்திருந்தது.

முதல் சுரண்டல் கேட்டதும் அவர் கண்ணாடியைத் தட்டினார்.

"என்னப்பா?"

"கொஞ்சம் பொறு பிள்ளை."

"குளிருது அப்பா!"

"ஓம். கொஞ்ச நேரந்தான்."

அவள் சுரண்டியைக் கையில் பிடித்தபடி வெளியே நின்றாள்.