மயூராவுக்குப் பொன்னாடை

மயூராக்கா ஒஸ்லோவில் ஆட வருகிறாள் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எந்த உடுப்போட?"

அவள் பெரியம்மாவின் மகள். லண்டனில் பிறந்தவள். ஆங்கிலத் தொலைக்காட்சியில் ஒரு மருத்துவமனைத் தொடரில் ஏழு வருடம் தாதியாக நடித்தாள். பிறகு கதையில் அம்புலன்ஸ் மோதி இறந்தாள். அதற்குப் பின் கிடைத்த வேடங்களும் தாதி வேடங்கள்தான். எல்லாவற்றையும் மறுத்துவிட்டு பர்லெஸ்க் ஆடப் போனாள். ஆட்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே உடுப்பை ஒவ்வொன்றாகக் கழற்றும் மேடை ஆட்டம் அது. பெர்லினும் பாரிஸும் கைதட்டின. பெரியம்மா மட்டும் இன்றைக்கும் கோயிலில், மகள் நர்ஸ் என்றே சொல்கிறார்.

"எத்தனையோ மேடை ஏறிட்டன் சித்தி," என்றாள் மயூராக்கா தொலைபேசியில். "எங்கட ஆக்கள் ஒருத்தரும் வந்து பார்த்ததில்லை. நீங்களாவது கடைசி மட்டும் இருந்து பாருங்கோ. பிறகு ஏசுங்கோ."

"பாப்பம்," என்றார் அம்மா. எங்கள் வீட்டில் 'பாப்பம்' என்றால் 'மாட்டேன்' என்றுதான் அர்த்தம்.

ஆனால் சனிக்கிழமை அம்மா அரக்குப் பட்டுச் சேலையோடு அறையிலிருந்து வந்தார்.

"அம்மா, இது அரங்கேற்றம் இல்லை."

"தெரியும். அவள் கழட்டப்போறாள் எண்டு நானும் கழட்டிப்போட்டே போறது?"

கைப்பையிலிருந்து சரிகை எட்டிப் பார்த்தது. பொன்னாடை. "மேடையேறுற பிள்ளையிட்டை வெறுங்கையோட போறதே?" என்றார். நாங்கள் இருக்கும் புருசெத்திலிருந்து நகரம் வரை ரயிலில் நான் அந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரங்கில் அம்மா கதவோரமாக இருக்கை பிடித்தார். "பிடிக்காட்டி எழும்பிப் போகலாம்."

விளக்கு வந்தது. மயூராக்கா தாதிச் சீருடையில் நின்றாள். தொலைக்காட்சியில் போட்ட அதே வெள்ளைத் தொப்பி. முன்வரிசையில் இருந்த ஒருவரின் வாயில் வெப்பமானியை வைத்தாள். எடுத்துப் பார்த்தாள். தனக்கே காய்ச்சல் வந்தது போல விசிறிக்கொண்டு தொப்பியைக் கழற்றி எறிந்தாள். அரங்கு அதிர்ந்தது. கையுறை போனது. ஏப்ரன் போனது. பெரிய ஊசியைத் தூக்கிக்கொண்டு அந்த மனிதரைத் துரத்தியபோது எனக்குப் பக்கத்தில் ஒரு சிரிப்புச் சத்தம். அம்மா வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

கடைசியில் சீருடையும் விழுந்தது. இரண்டு பெரிய இறகு விசிறிகளுக்குப் பின்னால் அவள் நின்றாள். இசை சட்டென்று நின்றது. விசிறிகள் திறக்கப் போகின்றன என்று எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள்.

அம்மா எழுந்தார்.

கதவுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் மேடைக்கு நடந்தார். எங்கள் விழாக்களில் இசை நின்றால் நிகழ்ச்சி முடிந்துவிட்டது, சொந்தக்காரர் மேடைக்குப் போகவேண்டும். பட்டுச் சேலைக்கு எல்லோரும் மரியாதையாக வழிவிட்டார்கள். அம்மா படியேறி, பொன்னாடையை விரித்து, மயூராக்காவின் தோளில் போர்த்தி, மடிப்பைச் சரிசெய்தார்.

"கடைசி மட்டும் இருந்தனான், பிள்ளை."

"இன்னும் முடியேல்லை, சித்தி."

"ஐயோ, முடியேல்லையே?"

மயூராக்காவின் கண் கலங்கியது. உடனே சிரிப்பும் வந்தது. இசைக்குழுவுக்குத் தலையசைத்தாள். பொன்னாடைக்குள்ளிருந்து ஒரு விசிறி விழுந்தது. பிறகு மற்றதும். அவள் பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்தபடி, விளிம்புவரை மகாராணி போல நடந்து வந்தாள். அரங்கு முழுவதும் எழுந்து நின்று கத்தியது. அம்மா கும்பிட்டார்.

பின்மேடையில் அமைப்பாளர் ஓடிவந்து, நாளைக்கும் இந்த அம்மா வருவாரா என்று கேட்டார்.

"நாளைக்கு எனக்குச் சமையல் இருக்கு," என்றார் அம்மா. "பொன்னாடையை வச்சிருக்கட்டும்."

மயூராக்கா அதை இன்னும் கழற்றவில்லை.

ரயில் மேடையில் அம்மா லண்டனுக்கு அழைத்தார்.

"அக்கா, உங்கட மகள் நர்ஸ் வேலையை விட்டிட்டாள். என்ர கண்ணால பார்த்தனான். முழுச் சனமும் எழும்பி நிண்டது."