இரவல் போன கொத்தனார்

நூலகத்தின் மாடியில் பழைய செய்தித்தாள் கட்டுகள் கிடந்த அறையை ஒழித்து எட்டு ஜோடி நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஞாயிறு காலை பத்து முதல் ஒன்று வரை அங்கே ஆட்களை இரவல் கொடுப்பார்கள். ஆள்தான் புத்தகம். சீட்டெழுதிக் கொடுத்தால் வாசகர் அரை மணி நேரம் எதிரே உட்கார்ந்து எதை வேண்டுமானாலும் கேட்கலாம். யார்மேல் யாருக்குக் கோணல் புத்தி இருந்தாலும், முகம் பார்த்துப் பேசினால் நேராகிவிடும் என்பது நூலகர் அம்மாவின் நம்பிக்கை. கழுத்தில் தொங்கும் அட்டைதான் தலைப்பு. 'குடியை விட்டவர்', 'கணவனை விட்டவர்', 'முன்னாள் போலீஸ்காரர்'. கொத்தனாரின் அட்டையில் 'கொலைகாரர்' என்று இருந்தது. மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

கொத்தனார் யாரையும் கொல்லவில்லை. நாலாவது மாடிச் சாரத்தில் நின்றுகொண்டு, சுவர் கோணலா இல்லையா என்று மேஸ்திரியோடு அவர் போட்ட வாய்ச்சண்டையைக் கீழே பத்துப் பேர் கேட்டார்கள். சாரக்கயிறு இற்றுக் கிடந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. மேஸ்திரி விழுந்தார். மேலே கரணையும் கையுமாக நின்றது இவர் மட்டும். பதிமூன்று வருடம் உள்ளே.

அண்ணன் தம்பிகள் தலைமுழுகிவிட்டார்கள். பெண்டாட்டி நாலாம் வருடம் கண்ணை மூடினாள். அதற்குப் பிறகும் மாதம் தவறாமல் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றவள் மகள்தான். பள்ளிக்கூடத்தில் 'கொலைகாரன் பொண்ணு' என்று கத்தியவனின் பல்லை உடைத்தவள். அவளைக் கட்டியவன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தான். உன் அப்பா இந்த வாசலை மிதிக்கக் கூடாது. கொத்தனாருக்கு அவன் முகம்கூடத் தெரியாது. அவர் வெளியே வந்த அன்று மகள் சொன்னாள்: "கொஞ்ச நாள் பொறுத்துக்கப்பா. அவரைக் கரைச்சிடறேன். அப்புறம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்." அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர் நடமாடினார்.

கரணை பிடிக்க எவனும் கூப்பிடவில்லை. நூலகத்துச் சுற்றுச்சுவர் பூச ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு வந்தவரை நூலகர் அம்மா மாடிக்கு அழைத்துப் போய்ப் புத்தகமாக்கிவிட்டார்.

முதல் மூன்று ஞாயிறும் கொத்தனார் உள்ளதை உள்ளபடி சொன்னார். வந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். "மாட்டினவன் எல்லாம் இதைத்தானே சொல்றான்" என்று ஒருவர் பாதியில் எழுந்து போனார்.

நூலகர் அம்மா தனியே கூப்பிட்டார். "கொத்தனாரே, வர்றவங்க உங்களை மன்னிக்கணும்னு ஆசையா வர்றாங்க. நீங்க ஒண்ணுமே செய்யலேன்னா அவங்க எதை மன்னிப்பாங்க?"

"செய்யலையே அம்மா."

"அதைச் சொல்றதுக்குக் கோர்ட்டு இருக்கு. இப்படியே போனா அந்த நாற்காலியை நான் வேற யாருக்காவது குடுக்க வேண்டியிருக்கும்."

வெளியே வந்த எட்டு மாதத்தில், மனிதர்கள் அவருக்கு நேரே உட்கார்ந்து பேசிய இடம் அந்த நாற்காலி ஒன்றுதான். நாலாவது ஞாயிறு அவர், "ஆமா, தள்ளினேன்" என்றார். எதிரே இருந்த பெண் தேம்பித் தேம்பி அழுதாள். அவர் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு வரிசை செங்கல் ஏறியது. தள்ளும்போது மேஸ்திரியின் சட்டைப் பொத்தான் கையோடு வந்தது. விழும்போது பேர் சொல்லிக் கூப்பிட்டான். பூச்சு வேலையில் அவரை மிஞ்ச ஆளே கிடையாது.

"உனக்கென்னப்பா, வரிசை படிக்கட்டு வரைக்கும் நிக்குது" என்பார் குடியை விட்டவர். "என்னைக் கரையான் அரிக்குது. நானும் ரெண்டு பேரைப் போட்டுட்டு வந்திருக்கணும்."

போன ஞாயிறு நீலச் சட்டைக்காரன் ஒருவன் வந்தான். "நிஜமாவே நீங்கதான் செஞ்சீங்களா? எனக்கு உண்மை தெரிஞ்சாகணும்" என்றான். கொத்தனார் பொத்தான் வரைக்கும் சொன்னார். அவன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். போகும்போது வாசகர் குறிப்பேட்டில், 'பயம் போய்விட்டது' என்று எழுதினான். நூலகர் அம்மா அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார்.

இந்த ஞாயிறு சீட்டும் கையுமாக எதிரே வந்து உட்கார்ந்தவள் மகள்.

கொத்தனாருக்கு வாயெல்லாம் பல். "சீட்டெல்லாம் எதுக்கும்மா? கீழேருந்து ஒரு குரல் குடுத்திருந்தா ஓடி வந்திருப்பேனே! என்ன, மாப்பிள்ளை கரைஞ்சிட்டாரா?"

"கரைஞ்சிட்டார்." அவள் சீட்டை நாலாக மடித்தாள். "போன வாரம் நீலச் சட்டை போட்டுட்டு வந்தாரே, அவர்தான்."

கொத்தனாரின் கை தானாகப் போய் அட்டையை மூடியது.

"எனக்குத் தெரியாம வந்திருக்கார். வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. 'உங்கப்பா எவ்வளவு நேர்மையா ஒத்துக்கிட்டார் தெரியுமா? நாளைக்கே கூட்டிட்டு வா, பின்னறையை ஒழிச்சுத் தர்றேன்'ங்கறார்."

"அம்மாடி, அது இங்க சொல்றதுக்காகச் சொன்னது. இவங்களுக்கு அதுதான் வேணும். நான் செய்யலம்மா. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்னுதான் இருந்தேன். கம்பிக்குள்ள நின்னு 'செய்யலம்மா'ன்னு சொல்லுவியே, அப்பவும் இதே மூஞ்சிதான் வச்சிருந்தே. பொத்தான் கையோட வந்துச்சாமே?"

"பொத்தானே கிடையாதும்மா. அந்தாளு வெறும் பனியனோட நின்னான்."

"இதை மட்டும் எப்படிப்பா நம்பறது?"

அவர் கையை நீட்டினார். அவள் தன் கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஊரே உன்னை மன்னிச்சிடுச்சு. அவரும் மன்னிச்சிட்டார். என்னால முடியல. மன்னிக்கறதுக்காகவா அன்னிக்கு நான் அவன் பல்லை உடைச்சேன்?" எழுந்துகொண்டாள். "அவரே வந்து கூப்பிடுவார். வராதே. நான் உள்ள விடமாட்டேன்."

வாசலில் நூலகர் அம்மா சீட்டை வாங்கிப் பார்த்தார். "என்னம்மா, இன்னும் இருபது நிமிஷம் இருக்கே. புத்தகம் பிடிக்கலையா?"

"படிச்சதுதான்" என்றாள் மகள்.

'திரும்பப் பெறப்பட்டது' என்று முத்திரை விழுந்தது. அடுத்த சீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்து அவள் சூடு ஆறாத நாற்காலியில் உட்கார்ந்தார். படிக்கட்டில் செருப்புச் சத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

"நிஜமாவே நீங்கதானா?"

"இல்லைங்க" என்றார் கொத்தனார். "நான் தள்ளல."

வந்தவர் அட்டையைப் பார்த்தார். பிறகு, சீட்டில் தப்பு நேர்ந்துவிட்டதோ என்று திரும்பி நூலகர் அம்மாவைப் பார்த்தார். நூலகர் அம்மா கொத்தனாரைப் பார்த்தார்.

செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. கீழே கதவு சாத்தும் ஓசை கேட்டது.

"தள்ளினேங்க" என்றார் கொத்தனார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

வந்தவர் பதறிப்போய்க் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். "இத்தனை வருஷம் கழிச்சும் இப்படி அழறீங்களே! உங்களைப் போய் மிருகம்னு நினைச்சுட்டு வந்தேனே." நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அழாதீங்க. மெதுவாவே சொல்லுங்க. ஏதோ பொத்தான்னு சொன்னாங்களே, அது என்ன?"

கொத்தனார் தன் சட்டையின் மேல் பொத்தானைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.