ஜாய்ஸ் எருசலேம் போகவில்லை

கடல் கடந்து போன தமிழர் எல்லோரும் எதையாவது கொண்டுவரத்தான் போனார்கள். பொன் கொண்டுவந்தார்கள், குதிரை கொண்டுவந்தார்கள்; மாமல்லபுரத்துக் கரையில் வந்து இறங்காத சரக்கு இல்லை. சொந்தச் சரக்கில் ஒரு பகுதியை அக்கரையிலேயே விட்டுவிட்டு வருவதற்காகக் கடல் தாண்டிய முதல் தமிழ்ப் பெண் என்று ஜாய்ஸை வரலாறு குறித்துக்கொள்ளட்டும். குறிக்காவிட்டாலும் பாதகமில்லை. அவளுக்கு முன்பே வண்டலூரிலிருந்து இரண்டு பேர் போய்விட்டு வந்துவிட்டதாக டிக்கெட் போட்ட ஏஜென்ட் சொன்னான்.

விட்டுவிட்டு வர வேண்டியது இரைப்பையில் முக்கால் பங்கு.

ஜாய்ஸுக்கு வீடு கூடுவாஞ்சேரியில்; செங்கல்பட்டில் ஒரு கூட்டுறவு வங்கியில் காசாளர். கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பதால் ஊரில் பாதிப் பேருக்கு அவளுடைய மேல்பாதி மட்டும்தான் பழக்கம். அந்த மேல்பாதியைப் பார்த்தே ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். பணம் எடுக்க வந்தவர் கொள்ளு ரசம் சொன்னார். போட வந்தவர் வெந்நீரில் எலுமிச்சை சொன்னார். நகைக்கடன் கேட்டு வந்த ஓர் அம்மாள், "வாயக் கட்டணும் மேடம்" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடுவதற்குள் இரண்டு தரம் மூச்சு வாங்கினாள். ஜாய்ஸ் கொள்ளும் குடித்தாள், வாயையும் கட்டினாள். எடை இறங்கும், போன வேகத்தில் உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வரும். கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் படிக்கட்டில் முழங்கால்கள் தினமும் ஒப்பாரி வைத்தன. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. சர்க்கரை மாத்திரை ஒன்று மூன்றானது. கடைசியில் டாக்டரே ஆபரேஷன்தான் வழி என்றபோது, ஜாய்ஸ் கேட்டது ஒன்றே ஒன்று.

"வெளிநாட்டுல பண்ணிக்கலாமா டாக்டர்?"

டாக்டருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். வெளிநாட்டுக்காரர்களே இங்கே வந்து அறுத்துக்கொண்டு போகிறார்கள், இவள் எங்கே போகிறாள்? ஆனால் டாக்டருக்குக் கூடுவாஞ்சேரி தெரியாது. கூடுவாஞ்சேரியில் ஒருத்தி ஆஸ்பத்திரியில் படுத்தால் அது அவள் ஒருத்தி சமாச்சாரம் இல்லை. வேன் பிடித்து வருவார்கள். ஜாய்ஸுக்குப் பித்தப்பைக் கல் எடுத்தபோது அப்படித்தான் வந்தார்கள். செய்யூரிலிருந்து வந்த நாத்தனார் எல்லம்மாள் தூக்கு நிறைய ஆட்டுக்கால் சூப்போடு கட்டிலருகே நின்றாள். தடுத்த நர்ஸைப் பார்த்து, "ஏம்மா, வயித்துல ஓட்ட போட்டு வச்சிக்கீறீங்க. எதயாவது ஊத்தி அடைக்க வேணாமா?" என்றாள். ஜாய்ஸ் குடித்தாள். குடித்ததன் பலனை நான்கு நாள் அனுபவித்தாள்.

ஆகவே வேன் போக முடியாத ஊராகப் பார்த்தாள். பாங்காக் அமைந்தது.

"பாங்காக்கா?" என்றார் அவள் கணவர் ஜெபக்குமார். அவர் மனைத் தரகர். அதைவிட முக்கியமாக, சபைச் செயலாளர். "செக்ரெட்டரி பொண்டாட்டி பாங்காக் போயிருக்கான்னா சபையில இன்னா நெனைப்பாங்க?"

"வயித்துக்குன்னு சொல்லுங்க."

"வயித்துக்குன்னு எவன் பாங்காக் போறான்? போறவன்லாம் எதுக்குப் போறான்னு எனுக்குத் தெரியாதா?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

ஜெபக்குமார் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனார். "ஆபரேஷன்னு சொன்னா அத்தவிட அசிங்கம். கொழுப்பு கரைக்கப் போறான்னு பேசுவானுங்க."

"கொழுப்பு கரைக்கத்தான் போறேன்."

அடுத்த ஞாயிறு, ஆராதனை அறிவிப்புகளில், திருமண ஓலைக்கும் தண்ணீர்த் தொட்டி கழுவும் பணிக்கும் நடுவே, சகோதரி ஜாய்ஸ் ஜெபக்குமார் எருசலேம் புனிதப் பயணம் மேற்கொள்கிறார் என்று செயலாளர் வாசித்தார். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜாய்ஸுக்கே அது செய்தி. எழுந்து மறுத்திருக்கலாம். டிக்கெட் போட்டாயிற்று, லீவு கிடைத்தாயிற்று, இன்னும் மூன்று வாரம், அவர் அவிழ்த்த மூட்டையை அவரே கட்டட்டும் என்று இருந்துவிட்டாள். அங்கேதான் தப்பு.

எருசலேம் போகிறவர்களுக்கு வீடு வீடாக விருந்து வைப்பது அந்தச் சபை வழக்கம். ஏழை, பணக்காரர் வித்தியாசம் இல்லை. பிரியாணி இல்லாவிட்டால் குஸ்கா. புண்ணிய பூமிக்குப் போகிற வயிற்றில் நம் வீட்டுச் சோறும் இருக்கட்டும் என்று ஒரு கணக்கு. அந்த நேரம் பார்த்து பாங்காக் ஆஸ்பத்திரியிலிருந்து உத்தரவு வந்தது: அறுப்பதற்கு முன் கல்லீரல் சுருங்க வேண்டும், இரண்டு வாரம் திட உணவு கூடாது, மோர், வடிகட்டிய சூப், மாவு கரைத்த தண்ணீர் மட்டும்.

முதல் வீட்டில் தலைவாழை இலை முன்னால் ஜாய்ஸ் உட்கார்ந்து, "எனுக்கு மோர் மட்டும் போதும்" என்றாள். வீட்டுக்காரி முகம் சுருங்கியது. இரண்டாம் வீட்டிலும் மோர். அவள் பங்கையும் சேர்த்து ஜெபக்குமார் சாப்பிட்டு மரியாதையைக் காப்பாற்றினார். மூன்றாம் வீட்டில் ஒரு கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "சிஸ்டர் உபவாசம் இருக்காங்க. புரியலையா உங்களுக்கு?"

எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அதன் பிறகு ஜாய்ஸ் இலையைத் தள்ளினால் "ஸ்தோத்திரம்" என்றார்கள். பசியில் கண்ணை மூடினால் தரிசனம் என்றார்கள். கறி வாசனை தாங்காமல் எழுந்து வாசலுக்குப் போனால் தனி ஜெபம் என்றார்கள். சபையில் இல்லாத பக்கத்து வீட்டு யோகேஸ்வரிகூட, இரண்டு நாளாக விக்கல் நிற்காத மாமியாரை இழுத்துக்கொண்டு வந்தாள். "கைய மட்டும் வைக்கா." ஜாய்ஸ் வைத்தாள். விக்கல் நின்றது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

"அம்மா, நீ இப்ப தீர்க்கதரிசி ரேஞ்சுல கீற," என்றாள் மகள் சிநேகா. "காலேஜ் அரியருக்கும் சேத்து கைய வை."

"படி. அதுக்கு ஆபரேஷன் கூடக் கெடையாது."

இதுவரைக்கும் ஜாய்ஸுக்குச் சிரிப்புதான். சிரிப்பு நின்றது, புறப்படுவதற்கு முந்தின வியாழக்கிழமை. ஜெபக்குமார் மோர் தம்ளரைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, சோபாவில் சாய்ந்து, ரொம்ப நாள் யோசித்த திட்டத்தை அவிழ்த்தார்.

"நீ எளைச்சுட்டு வந்தா எப்பிடின்னு கேப்பாங்கல்ல? நான் யோசிச்சிட்டேன். எருசலேம் மண்ண மிதிச்சதும் கர்த்தர் கரைச்சிட்டாருன்னு சாட்சி சொல்லிடு. பாஸ்டர்கிட்ட லேசா காதுல போட்டு வச்சிக்கீறேன். கன்வென்ஷன்ல மெயின் சாட்சி உன்னுதுதான்."

ஜாய்ஸ் தம்ளரைக் கீழே வைத்தாள். இரண்டு வாரமாகச் சோற்றைக் கண்ணால் மட்டும் தின்றுகொண்டிருப்பவள் அவள். வயிற்றில் ஐந்து ஓட்டை போடப்போவது அவளுக்கு. இனி ஆயுசுக்கும் நான்கு வாய்க்கு மேல் இறங்காது என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டவளும் அவள். பேர் மட்டும் எருசலேம் மண்ணுக்கா?

"கரைச்சவரு கர்த்தருன்னா, மயக்க ஊசிக்கு அவர வந்து படுத்துக்கச் சொல்லுங்க," என்றாள்.

"தூஷணம் பேசாத," என்றார் செயலாளர்.

வழியனுப்புக் கூட்டம் சனிக்கிழமை, மாமல்லபுரத்துக்கு வடக்கே சவுக்குத்தோப்பில். சபையின் வருடாந்திரக் கடற்கரைக் கூடுகையோடு அதையும் சேர்த்துக்கொண்டார்கள். சாமியானா, ஸ்பீக்கர், ஒரு பக்கம் பிரியாணி அண்டா. கடலைப் பார்த்தாற்போல் பன்னிரண்டடி ஃப்ளெக்ஸ்: "எருசலேம் செல்லும் எங்கள் சகோதரி." படத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜாய்ஸின் புடவை, ஜாய்ஸின் மூக்கு. மீதியை ஃப்ளெக்ஸ் கடைப் பையன் பாதியாகக் குறைத்திருந்தான். தாடை ஒன்றுதான் இருந்தது. இடுப்பு என்று ஒன்று இருந்தது. ஆபரேஷன் செலவே இல்லை.

பாஸ்டர் தாவீது நல்லவர். சுருக்கமாகப் பேசத் தெரியாதது ஒன்றுதான் குறை. ஆபிரகாமில் தொடங்கி அரைமணி நேரம் நடந்து ஜாய்ஸிடம் வந்து சேர்ந்தார். "அன்ன ஆகாரமின்றி தேவ சமூகத்தில் காத்திருக்கும் நம் சகோதரி இப்போது சில வார்த்தைகள்." கடற்காற்றில் பிரியாணி வாசனை மேடை வரைக்கும் வந்தது. ஜாய்ஸ் மைக்கை வாங்கினாள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் எருசலேம் போகல. பாங்காக் போறேன்."

ஜெபக்குமார் பயந்தது வீண் பயமில்லை. கூட்டம் ஒரு கணம் அதைத்தான் நினைத்தது. ஆண்கள் பக்கத்தில் இரண்டு மூன்று பேர் சட்டென்று மணலைப் பார்த்தார்கள்.

"ஆபரேஷனுக்குப் போறேன். எடை குறையறதுக்கு. வயித்துல முக்கால்வாசி வெட்டி எடுத்துடுவாங்க. நான் இருந்தது உபவாசம் இல்ல, டாக்டர் சொன்ன பத்தியம். பொய்யா வாங்கின ஸ்தோத்திரத்தையெல்லாம் திருப்பிக் குடுத்துடறேன். நான் எளைச்சுட்டு வந்தா, அது யாரும் கரைச்சது இல்ல, வெட்டினது. வலி என்னுது. அதுக்கு சாட்சி சொல்றதா இருந்தா நான்தான் சொல்லுவேன், என் வாயால."

"சிஸ்டர்," என்று எழுந்தார் மூத்தவர் பூபாலன். "ஆண்டவர் குடுத்த சரீரம். அத்த நாம கத்தி வச்சுக் குறைக்கலாமா?"

"பூபாலன் அண்ணே, உங்க நெஞ்சப் பொளந்து பைபாஸ் பண்ணாங்களே, அப்ப மேலருந்து பர்மிஷன் வந்துச்சா?"

பூபாலன் உட்கார்ந்தார். உட்காரும்போது நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த யோகேஸ்வரிக்குத் தாங்கவில்லை. "அப்ப எங்க மாமியாருக்கு விக்கல் நின்னது?"

"விக்கல்னா நிக்கத்தாம்மா செய்யும்."

"அக்கா, நாங்க கோழிலாம் குடுத்தமே!"

"அந்தக் கோழிய இவரு சாப்ட்டாரு. அவரக் கேளு."

கூட்டம் ஜெபக்குமாரைத் திரும்பிப் பார்த்தது. அவர் மைக்குக்குக் கீழே குனிந்து ஒயர் சரியாக இருக்கிறதா என்று சோதித்தார். "இவ பிரஷர் மாத்திர போடல," என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தது, ஒயர் சரியாக இருந்ததால், எல்லோருக்கும் கேட்டது.

"போட்டேன்," என்றாள் ஜாய்ஸ் மைக்கில். பிறகு ஃப்ளெக்ஸைக் காட்டினாள். "இன்னொண்ணு. அந்தப் பொண்ணு யாருன்னு எனுக்குத் தெரியல. அவ வேணா எருசலேம் போயிட்டு வரட்டும். இத்த எறக்குங்க."

பின்வரிசையிலிருந்து எல்லம்மாள் எழுந்தாள். சபைக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. நெற்றியில் குங்குமத்தோடு தம்பிக்காக வந்திருந்தாள். மணலில் தாங்கித் தாங்கி நடந்து மேடைக்கு வந்தாள்.

"அடிப்பாவி! அதான் என் வூட்டுக் கறிக்கொழம்பத் தொடலியா நீ?"

"ஆமா அண்ணி."

"நான் உன்ன சாமி பொம்பளன்னு இல்ல நெனச்சேன்!"

"இல்ல அண்ணி."

"நல்லதாப் போச்சு போ. சாமி பொம்பளகிட்ட ரெண்டு வார்த்த பேசறதுக்குள்ள எனுக்கு வேர்த்துப் போவுது." ஃப்ளெக்ஸின் கயிற்றை அவளே அவிழ்த்தாள். காற்று மீதி வேலையைப் பார்த்தது. ஒல்லி ஜாய்ஸ் சவுக்கு மரங்களுக்குள் போய் விழுந்தாள். "போய் அறுத்துக்கினு வா. யாரு வேணான்றது? அந்த ஊருக்கு வேன் போவுமா?"

"போவாது அண்ணி. நடுவுல கடல் கீது."

"பேஜாரான ஊரா கீதே."

பாஸ்டர் தாவீது யோசித்தார். பிறகு, பாங்காக்கிலுள்ள மருத்துவர்களின் கரங்களுக்காக ஒரு நிமிடம் ஜெபித்தார். அவர் ஊழியத்திலேயே மிகச் சிறிய ஜெபம் அது. எல்லோரும் பிரியாணிக்குப் போனார்கள். ஜாய்ஸ் மோர் குடித்தாள். இந்தத் தடவை யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. மோரில் உப்பு சரியாக இருந்தது.

இருவரும் வீடு திரும்பினார்கள். கேளம்பாக்கம் தாண்டியதும் ஜெபக்குமார் சொன்னார்: "எனுக்கு டிக்கெட் போடல, போடவும் மாட்டேன். தனியாப் போ. என் மானத்த வாங்கிட்ட."

"சரிங்க."

"ஆபரேஷன் கூடம் வரைக்கும் ஒரு ஆள் இல்லாம கெடப்ப."

"சிநேகாவ கூட்டிக்கினு போறேன்."

"அவளுக்குப் பரீட்சை."

"அப்ப தனியாப் போறேன். அதுக்குத்தான அந்த ஊரத் தேடினேன்."

அவர் எதிர்பார்த்த பதில் அதுவல்ல. ஞாயிற்றுக்கிழமை வந்தது. தனியாகச் சபைக்குப் போய், தனியாக அறிவிப்பு வாசித்து, தனியாக அத்தனை முகங்களையும் பார்க்க வேண்டும் என்பது காலையில் ஷேவ் பண்ணும்போது அவருக்கு உறைத்தது. பாதி முகச் சோப்போடு ஏஜென்டைக் கூப்பிட்டு, அதே விமானத்தில் சீட் இருக்கிறதா என்று கேட்டார்.

பாங்காக் ஆஸ்பத்திரியில் சோதனை அறை வெள்ளையாக, சத்தமில்லாமல் இருந்தது. ஆப்பிள் பையோடு யாரும் வரவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்த நர்ஸ் சின்னப் பெண். நாற்காலிகளில் இருந்த இருவரையும் பார்த்துக் கைகூப்பினாள். பிறகு நேரே ஜெபக்குமாரிடம் போய், பச்சை கவுனை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"நோ, நோ," என்றார் ஜெபக்குமார். "வைஃப். பேஷன்ட், வைஃப்."

நர்ஸ் இதுபோல் பயந்த ஆண்களை நிறையப் பார்த்தவள் போலிருந்தது. கனிவாகச் சிரித்து, அவர் முழங்கையைப் பிடித்து, எடை மேடையைக் காட்டினாள்.

"ஜாய்ஸ், சொல்லேன் இவகிட்ட."

ஜாய்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பி, தன் பையின் ஜிப்பை மெதுவாகத் திறந்து மெதுவாக மூடினாள். வேறு வழியில்லாமல், தப்பை நிரூபித்துவிட்டு இறங்கிவிடலாம் என்று செயலாளர் செருப்பைக் கழற்றி வைத்து ஏறினார். எண் சிவப்பாக எழுந்து நின்றது. அவர் இறங்கியதும் ஜாய்ஸ் எழுந்து, யாரும் சொல்லாமல் தானே ஏறினாள். அவள் எண்ணும் எழுந்தது.

ஜெபக்குமார் அவளைவிட ஒன்பது கிலோ கூடுதல்.