எந்தக் கையால்

துறைமுகக் காவலர் மூன்றாவது தடவையாக வந்து நின்றபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

"அக்கா, புயல் வருது, நாலு மணிக்குள்ள எல்லாரும் இறங்கிடணும். இந்த வரிசையில உங்க படகுதான் பாக்கி. அண்ணன்கிட்ட சொல்லுங்க."

அண்ணன் கேட்டால்தானே! என் வீட்டுக்காரர் இறங்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். வீட்டை விற்று வாங்கிய பாய்மரப் படகு. பதினோரு வருஷமாக எங்களுக்கு வீடும் அதுதான். புயலில் கட்டுக்கயிறு படகின் விளிம்பில் உரசி உரசி அறுந்துவிடும். அதனால் பழைய தண்ணீர்க் குழாயைக் கிழித்துக் கயிற்றில் சுற்றி வைப்போம். அது நழுவும். அரை மணிக்கொரு தடவை யாராவது தவழ்ந்துபோய் அதை இழுத்துவிட்டு, உரசும் இடம் மாறும்படி கயிற்றையும் ஒரு சாண் தளர்த்த வேண்டும். போன இரண்டு புயலிலும் படகு அப்படித்தான் பிழைத்தது.

"ஆள் இருந்தா படகு நிக்கும். கயிற நான் பாத்துக்கிறேன். நீ வேணும்னா உன் தங்கச்சி வீட்டுக்குப் போ," என்றார்.

பார்த்துக்கொள்கிறாராம். பக்கவாதம் வந்ததிலிருந்து மூன்று வருஷமாக அவருடைய வலது கையை நீட்ட முடியும், விரல் மடங்காது. ஒரு கரண்டியைக்கூடப் பிடிக்காது. இரண்டு புயலிலும் தவழ்ந்தவள் நான், முழங்கால் உரிந்தது எனக்கு. மறுநாள் கரையில் நின்று "நான் இருந்ததாலதான் படகு தப்பிச்சுது!" என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர். பாவம், ஆசைக்குச் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. அவர் அதை நம்பியே விட்டார்.

"எந்தக் கையால?" என்றேன்.

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் முன்பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்து, இடது கையால் குழாயைக் கயிற்றில் சுற்றினார். நழுவியது. மறுபடி சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போடப் பார்த்தார். அதுவும் அவிழ்ந்தது. ஓடிப்போய்க் கட்டிக் கொடுக்கக் கை துடித்தது. போகவில்லை. போயிருந்தால் இந்தப் புயலும் என் தலையில்தான் விடிந்திருக்கும்.

"ரெண்டு புயல்லயும் எல்லாம் நீதான் பண்ணியா?" என்றார் கடைசியில், திரும்பாமலே.

"ஆமாங்க. இனிமே என்னால முடியலங்க. படகு போனா போகட்டும்."

போனால் எங்கே இருப்போம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது.

குழாயை இரட்டையாகச் சுற்றி இறுக்கினேன். கயிறுகளை விட முடிந்தமட்டும் நீளமாக விட்டேன். மாத்திரை டப்பா, போர்வை, அவருடைய கண்ணாடி. அவ்வளவுதான் எடுத்தேன். அவர் முதலில் இறங்கினார். படகு தூக்கித் தூக்கிப் போட்டது. திரும்பி நின்று, பழக்கதோஷத்தில் வலது கையை நீட்டினார்.

"பிடிச்சுக்கோ," என்றார்.

விரல்கள் விறைத்தபடியே இருந்தன. நான்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.