உள்ளே இருக்கிறார்

1

இந்தக் கதை ஒரு சொல்லால் வந்தது. சமாதி என்ற சொல். மனம் ஒன்றில் அமிழ்ந்து, அமிழ்கிற ஆளும் காணாமல் போகிற நிலைக்கு அந்தப் பெயர்தான். செத்தவரைப் புதைத்து மேலே கட்டுகிற மேடைக்கும் அதே பெயர்தான். இத்தனை சொற்கள் உள்ள மொழியில் இந்த இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று யார் முடிவு செய்தார்களோ, அவர்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன். வேறு காரணம் ஏதாவது உங்கள் கண்ணில் பட்டால், அது எழுத எழுத வந்து ஒட்டிக்கொண்டது.

முதல் வரியைப் பல விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

என் கணவர் பல்செட் செய்கிறவர். (செய்தவர் என்று எழுத வேண்டும். கை வரவில்லை.)

அன்று காலை வீடு அமைதியாக இருந்தது. (எங்கள் வீட்டில் எல்லாக் காலையும் அமைதிதான். அதுதானே வினை.)

அவர் கொஞ்சம் கொஞ்சமாக

(இதை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. இப்படியே கிடக்கட்டும்.)

2

வீட்டின் பின்னறைதான் அவருடைய பட்டறை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் அதைப் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் பற்களைப் பதித்து, ரோஜா நிறத்தில் ஈறு செய்து, மோட்டாரில் மெருகேற்றுவார். அலமாரி முழுக்கத் தாடைகள். முகமே இல்லாத அத்தனை சிரிப்புகளுக்கு நடுவே ஒரு பழைய மெத்தையை விரித்து, கதவைச் சாத்திக்கொண்டு, வேலை தொடங்குவதற்கு முன் கண்ணை மூடித் தியானத்தில் உட்காருவார்.

ஆரம்பத்தில் அது டீ ஆறுகிற நேரம். பிறகு ஆறின டீயை மறுபடி சூடாக்குகிற நேரம். கடைசி வருடங்களில் நான் டீயே போடுவதில்லை. எழுந்து வரட்டும், போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன்.

ஒருமுறை கூப்பிட்டார்.

"நீயும் வந்து உக்காரேன். சும்மாதான்."

"எல்லாரும் கண்ணை மூடிட்டா அடுப்பை யாரு பாக்கறது?"

"அடுப்பையும் அணைச்சிட்டு வா."

"நீங்க பேசாம உள்ள போங்க."

போனார். அவர் கேட்டது அந்த ஒரு முறைதான். (எழுதும்போது அவர் இன்னொரு முறை கேட்பதாக வைக்கலாமா என்று யோசித்தேன். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஒரு தடவைக்கு மேல் எதையும் கேட்கமாட்டார், சாப்பாட்டில் உப்பைக்கூட.)

3

மலர்வளையக் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்தது.

அவருடைய அக்கா ஒரு காலையில் போன் செய்தார். தம்பி எங்கே என்று கேட்டார். எனக்கு அந்தச் சொல் அப்போது புதிது. கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"சமாதியில இருக்காரு அண்ணி."

அந்தப் பக்கம் ஏதோ விழுந்தது. அப்புறம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்துப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

மத்தியானம் வாசலில் கார் நின்றது. அக்கா, அத்தான், உறவுக்காரர் இரண்டு பேர், ஒரு மலர்வளையம். கதவைத் திறந்தவர் இவரே. கையெல்லாம் ஈறு செய்கிற ரோஜா நிறத் தூள். அக்கா ஒரு நொடி பார்த்தார். அப்புறம் தம்பியின் தோளில் ஓங்கி ஓர் அடி.

"உயிரோட இருக்கறவன் ஒரு போனை எடுக்கக் கூடாதாடா?" என்னைப் பார்த்தார். "ஏம்மா, குளிக்கறான்னு சொல்லக் கூடாதா? தூங்கறான்னு சொல்லக் கூடாதா? வாயில வேற வார்த்தையே கிடைக்கலையா உனக்கு?"

இவர் வளையத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூ நல்ல பூவா இருக்கே. இன்னொரு நாளைக்கு வச்சுக்கலாமா அக்கா?"

அன்றிலிருந்து வீட்டில் அந்தச் சொல்லுக்குத் தடை. யார் கேட்டாலும் "உள்ள இருக்காரு" என்று சொல்ல வேண்டும் என்பது அக்கா போட்ட சட்டம். நல்ல சட்டம் என்றுதான் நானும் நினைத்தேன்.

4

தெருமுனைச் சலவைக் கடைக்காரரை எல்லோரும் சாது என்று கூப்பிடுவார்கள். இளம் வயதில் பல வருடம் புத்த பிக்குவாக இருந்து, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது காவியைக் கொடுத்துவிட்டு வந்து இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தவர். என்னைத் தங்கச்சி என்பார். ஆகவே இவர் அவருக்கு மச்சான். சாயங்காலம் கடை சாத்தியதும் துணி மூட்டையோடு வந்து உட்காருவார். இரண்டு பேருக்கும் ஒரே சண்டை, வருடக்கணக்காக.

இவருக்கு யோகத்தில் சமாதி கடைசிப் படி. எட்டாவது. அதற்கு மேலே ஏற ஒன்றும் இல்லை, ஏறுகிறவனும் இல்லை. சாதுவுக்கு அது படிதான், வீடு இல்லை. புத்தரே இரண்டு ஆசிரியர்களிடம் போய், ஆழத்திலும் ஆழமான ஒருமையைக் கற்று, விடுதலை இது அல்ல என்று எழுந்து போனவர்தானே என்பார். அந்த ஒருமை வேண்டும். ஆனால் அதிலிருந்து வெளியே வந்து, தெளிந்த கண்ணால், எதுவும் நிற்பதில்லை என்று பார்க்க வேண்டும். பார்ப்பதுதான் விடுவிக்கும்.

இதை நான் கட்டுரை போல எழுதிவிட்டேன். அவர்கள் அப்படிப் பேசவில்லை. இப்படித்தான் பேசினார்கள்:

"மச்சான், ஊற வைக்கறதுதான் சமாதி. ஊறுனா அழுக்கு இளகும். போகாது. எடுத்துக் கசக்கணும்."

"ஊறி ஊறித் துணியே இல்லாமப் போயிட்டா? அப்ப அழுக்கு எதுல ஒட்டும்?"

"துணி இல்லாமப் போனா கஸ்டமர் என்னைக் கொன்னுடுவான்."

"ஊற வைக்காமலே கசக்கலாமே?"

"கிழிஞ்சிடும். அதான் நானும் ஊற வைக்கச் சொல்றேன். ஊறுற வாளியிலயே குடும்பம் நடத்தாதீங்கங்கறேன்."

இன்னொரு நாள் ஏதோ பேச்சில் சாது சொன்னார்: மூச்சே நின்றது போல் ஆழ்ந்திருப்பவனுக்கும் செத்தவனுக்கும் என்ன வித்தியாசம் என்று அந்தக் காலத்திலேயே கேட்டிருக்கிறார்கள். பதில், சூடு. ஆழ்ந்தவன் உடம்பில் சூடு இருக்கும். நான் அப்போது துணி மடித்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

கடைசிச் சண்டையில் இவர் சொன்னார்: "எங்க பக்கமும் சொல்லியிருக்காங்கப்பா. கண்ணைத் திறந்துக்கிட்டு, வேலையைச் செஞ்சுக்கிட்டே அதுல இருக்கறது. அதுக்குப் பேரு சகஜ சமாதி. அதுதான் பெருசு."

"அப்ப கதவை எதுக்குச் சாத்தறீங்க?"

நான் சிரித்துவிட்டேன். சாதுவும் சிரித்தார். இவர் சிரித்தாரா என்பது நினைவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

5

அந்தக் காலை.

முன்னறையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். பேத்திக்குக் கல்யாணம், போட்டோவுக்குள் பல்செட் வேண்டும். பல் இல்லாத வாயில் எழுத்துகள் குழறின.

"எங்கம்மா அவரு? ஃபோட்டோக்காரன் வந்துதுவான்."

"உள்ள இருக்காரு சார். கொஞ்சம் உக்காருங்க."

அக்கா போன் செய்தார்.

"உள்ள இருக்காரு அண்ணி."

"இன்னுமா? சரி, எழுந்ததும் பேசச் சொல்லு."

வாத்தியார் நெளிந்துகொண்டே இருந்தார். கடைசியில் நானே போனேன். அவர் உட்கார்ந்திருந்தார், சுவரில் சாய்ந்து, கை மடியில். பல்செட் முடிந்து மேசைமேல் தயாராக இருந்தது. கொலுசுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று நுனிக்காலில் அவரைச் சுற்றிப் போய் எடுத்துக்கொண்டு வந்தேன். என் புடவைத் தலைப்பு அவர் முழங்காலில் பட்டது. வெளியே வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.

வாத்தியார் பல்லை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். "பொருத்தம்னா இதும்மா பொருத்தம்!" அத்தனை எழுத்தும் சுத்தமாக வந்தது. நானும் சிரித்தேன். மனசு லேசாக இருந்தது.

டாக்டர் பிறகு சொன்னார், நான் எழுவதற்கு முன்பே உயிர் போயிருக்கும் என்று. ஆக, அந்தக் காலை முழுக்க நான் விதவை. எனக்குத்தான் தெரியாது.

6

இப்போது ஒரு சந்தேகம். மேலே, "கதவைச் சாத்தினேன்" என்று எழுதியிருக்கிறேன். உள்ளே போனபோது திறந்தேனா? திருப்பிப் படித்துப் பார்த்தேன், திறந்ததாக எழுதவில்லை. அப்படியென்றால் கதவு ஒருக்களித்துத்தான் இருந்ததா?

எழுத எழுத அது நன்றாகத் திறந்துகொள்கிறது. அவர் முதல்முறையாக அதைச் சாத்தாமல் உட்கார்ந்திருக்கிறார். வீட்டுச் சத்தமெல்லாம் உள்ளே போகட்டும் என்று, பாத்திரம், குழாய், என் முணுமுணுப்பு எல்லாம். இது எனக்கு வேண்டியிருக்கிறது. வேண்டியிருப்பதாலேயே நம்ப முடியவில்லை. தாழ்ப்பாள் பழசு, காற்றாகவும் இருக்கலாம்.

திறந்திருந்தால், சாத்தியது நான்.

7

காரியம் முடிந்து எல்லோரும் கலைந்து போன பிறகு சாது மட்டும் இருந்தார். கேட்டேன்.

"அண்ணே, உங்க கணக்குல இவரு போய்ச் சேந்தாரா? வெளிய வந்து பாக்கணும்பீங்களே. இவரு வரவே இல்லையே."

"தெரியலை தங்கச்சி." பிறகு சொன்னார்: "அந்தக் கதவுக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. தெரிஞ்சுக்கக் கேக்கலை. ஜெயிக்கக் கேட்டேன்."

"அதெல்லாம் அவரு மனசுல வச்சிருக்க மாட்டாரு."

"அன்னிக்குக் கதவு எப்படி இருந்துச்சு?"

"சாத்தித்தான் இருந்துச்சு அண்ணே."

அவர் முகம் இளகியதா, வாடியதா? இரண்டையும் எழுதி இரண்டையும் அடித்துவிட்டேன்.

8

அன்று மத்தியானம் இரண்டாவது முறை நான் அந்த அறைக்குப் போகிறேன். கதையை இங்கேதான் முடிக்க வேண்டும். முடிவுகள் இருக்கின்றன.

ஒன்றில் அவர் சூடாக இருக்கிறார். கண் திறந்து, "டீ போடறியா?" என்கிறார். மலர்வளையத்துக்கு ஜோடியாக இன்னொரு கதை சேர்கிறது குடும்பத்துக்கு.

ஒன்றில் சூடு இல்லை. நான் யாரையும் கூப்பிடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்காருகிறேன். அந்த மெத்தையில் இன்னொருவருக்கு இடம் இருந்தது. இதை மட்டும் நான் கற்பனை செய்யவில்லை, எப்போதுமே இருந்தது.

இன்னொன்றில் நான்

இல்லை. இதற்கு மேல் என்னால் ஆகாது. என் கை அவர் தோளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. எழுத உட்காரும் ஒவ்வொரு முறையும் அது அங்கே வந்து நிற்கிறது. நான் தொடாத வரைக்கும் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தமும் இருக்கிறது.

நீங்கள் போங்கள். கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். தொட்டுப் பாருங்கள். சூடு இருந்தால் எழுப்ப வேண்டாம். வெளியே வரும்போது மறந்தும் கதவைச் சாத்தாதீர்கள்.

எழுந்ததும் பேசச் சொல்லுங்கள்.