எதிர்வீட்டு ஜன்னல்

"அந்த எதிர்வீட்டு விஷயமா? அதெல்லாம் ஒண்ணுமே இல்லைங்க மேடம். என் மூளை பண்ணின கூத்து" என்று சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். எத்தனையோ மாதங்களாகக் கேட்காத சிரிப்பு. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மருந்து வேலை செய்கிறது, இனி குடும்பமாக உட்கார்ந்து பேசலாம், குழந்தையையும் அழைத்து வாருங்கள் என்று ஆஸ்பத்திரியின் கவுன்சிலிங் மேடம்தான் சொல்லியிருந்தார். வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் ஒன்றில் மட்டும் முகம் மலரவில்லை. ஆறாம் வகுப்பு மகள், செருப்பு நுனியால் தரைவிரிப்பின் பிரிந்த நூலை நெருடிக்கொண்டிருந்தாள்.

ஒண்ணுமே இல்லையா?

எதிர்வீட்டிலிருந்து நம்மைப் படம் பிடிக்கிறார்கள் என்று அம்மா சொன்ன நாளிலிருந்து அவள்தான் காவல். அம்மா கறுப்புத் துணியை இரட்டையாக மடித்துத் தைத்து ஜன்னல்களை மூடினாள். ஓரத்தில் விரல் அகலத்துக்கு மட்டும் ஓர் இடுக்கு, மகளுக்காக. பள்ளி விட்டதும் சீருடையைக்கூட மாற்றாமல் அங்கே போய் நிற்பாள். "லைட்டு அணைஞ்சிடுச்சும்மா." "அந்த மாமா பால்கனிக்கு வந்துட்டார்மா." "எனக்கு நீ ஒருத்திதான்டி" என்று அம்மா உச்சந்தலையில் முத்தமிடும்போது ஒரு சாண் வளர்ந்துவிட்டதுபோல் இருக்கும். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை முடிந்து கிரீஸ் கையோடு வரும் அப்பா ஜன்னலைப் பார்ப்பார், மகளைப் பார்ப்பார். "அம்மா சொல்றபடி இரு, எதிர்த்துப் பேசாத" என்பதோடு சரி.

எதிர்வீட்டில்தான் அவள் தோழி பூனைக்கண்ணி இருந்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. ஆளுக்குப் பாதி ரப்பர். வேவு பார்க்கத்தான் அவளை அனுப்புகிறார்கள் என்று அம்மா சொன்ன மறுநாள், வகுப்பே பார்க்க இவள், "எங்க வீட்டைப் படம் பிடிக்கிற திருட்டுக் கும்பல்தானே நீங்க? பக்கத்துல உக்காராத, போ!" என்று கத்திவிட்டாள். பூனைக்கண்ணி பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனவள்தான், திரும்பி வரவில்லை.

"நீ ஏதாவது கேக்கணுமா கண்ணு?" என்றார் மேடம்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். "அது நிஜமில்லனு உனக்கு முன்னாடியே தெரியுமாப்பா?"

அப்பா கைக்குட்டையை மடித்தார், பிரித்தார். "அம்மாவுக்கு முடியாம இருந்துச்சுடா. நீ சின்னப் பொண்ணு, உங்கிட்ட என்னன்னு சொல்றது?"

"ஜன்னல்ல நிக்கறதுக்கு மட்டும் நான் பெரிய பொண்ணா?"

அம்மாவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "நீ அதை நம்பினியா தங்கம்? என்னைச் சமாதானப்படுத்த நீ சும்மா நின்னதாத்தான் இப்ப நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"நீதானேம்மா சொன்ன."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "தப்பு பெரியவங்க எங்க மேலதான். இதை உங்கிட்ட யாராவது முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார். நல்ல குரல்தான். ஆனால் நல்ல குரல்களைக் கேட்டுக் கேட்டு அவளுக்குச் சலித்திருந்தது. அப்பாவின் குரலும் நல்ல குரல்தான்.

வெளியே வந்தார்கள். வண்டி எடுக்க அப்பா சாலையைக் கடந்து முன்னால் போனார். சாலையோரத்தில் அம்மா நின்று, இடமும் வலமும் பார்த்து, கையை நீட்டினாள்.

"வண்டி எதுவும் வரல. வா, போலாம்."

அவள் அசையவில்லை. தானே வலப்பக்கம் பார்த்தாள். இடப்பக்கம் பார்த்தாள். சாலை காலியாகத்தான் கிடந்தது. மறுபடி வலப்பக்கம் பார்த்தாள். அம்மாவின் கை நீட்டியபடியே இருந்தது.